மீட்டரம்மாவின் முப்பது

சாயக்காரரின் மனைவி ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணுவதற்குள் ஒரு மனிதனால் தும்மி முடிக்க முடியாது. சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தெருமுனை மாவு மில்காரர் மிளகாய்த்தூள் மூக்கிலேறித் தும்மலுக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றபோது அவள் ஒன்றில் ஆரம்பித்தாள். அவர் தும்மி, மூக்கைத் துடைத்து, "அப்பாடா" என்றபோது நூற்றுப் பதினாறில் நின்று அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்ததில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வண்டி நின்றாலும் மீட்டர் ஓடும் என்பது ஆட்டோவில் ஏறிய எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வேகத்துக்குக் காரணம் தொழில். சாயத்தொட்டியில் முக்கிப் பிழிந்த சிட்டங்களை, அதாவது நூல் கற்றைகளை, களத்தில் கம்பிமேல் வரிசையாகப் போட்டுக் காயவைப்பார்கள். காய்ந்ததை இரண்டு கையாலும் உருவி, ஒரு உதறு உதறி, தோளில் போட்டுக்கொண்டே எண்ண வேண்டும். கை ஓடுகிற ஓட்டத்துக்கு வாய் ஓடாவிட்டால் கணக்கு கம்பியிலேயே தங்கிவிடும். முப்பது வருஷத்தில் அவள் வாய் கையை முந்திவிட்டது. இரண்டு தோளும் நிறைந்தபின் கடைசி ஜோடியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு களத்தோரம் நிற்கும் வேனுக்கு நடப்பாள். தோளில் இருப்பதை இறக்குவாள். கழுத்தில் இருப்பதைப் பல நாள் மறந்துபோய் அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். அவள் கணக்கு தவறியது என்று சொன்னவர் மட்டும் அந்தத் தொழிலில் அதுவரை யாரும் இல்லை.

சாயக்காரர் அதிகம் பேசமாட்டார். பேச இடம் கிடைத்ததில்லை. முழங்கைவரை அவருக்கு என்ன நிறம் என்பது அன்றைக்குத் தொட்டியில் என்ன நிறம் என்பதைப் பொறுத்தது. ஒரு தேர்தலில் விரலில் மை வைக்கப் போனபோது, பத்து விரலிலும் ஏற்கெனவே மை இருக்கிறது, பத்துத் தடவை ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் போய்ச் சண்டை போட்டாள். ஓட்டுச்சாவடியில் அன்றைக்கு ஒரு மணி நேரம் வாக்குப்பதிவு நடக்கவில்லை.

மூங்கில் கம்புகள் வருஷாவருஷம் மக்கிப்போகின்றன என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்தான் களம் முழுக்க இரும்புத் தூண் நட்டு, பதினான்கு வரிசை இரும்புக் கம்பி இழுத்தார். "இனி ஆயுசுக்கும் கவலையில்ல" என்றார். யாருடைய ஆயுசு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மருமகள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்குவாரியில் வெடி வைக்கிறவர் வீட்டுப் பெண். மெதுவாக நடப்பாள், மெதுவாகச் சாப்பிடுவாள், கேட்ட கேள்விக்கு யோசித்துவிட்டுப் பதில் சொல்வாள். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை என்பதால் அது என்ன வியாதியோ என்று மாமியார் முதல் வாரம் கவலைப்பட்டாள். வந்த இரண்டாவது நாளே களத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது.

"ஏம்மா, நூலை எண்ணத்தானே சொன்னேன்? ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிட்டு இருக்கியா?"

"எண்ணிட்டுத்தான் இருக்கேன் அத்தை."

"எத்தனை?"

"பதினேழு."

"நான் பல்லு வெளக்கி, காபி போட்டு, அதை ஆத்திக் குடிச்சிட்டு வர்றேன். பதினேழா! உங்க அப்பா வீட்டுல இப்படித்தான் எண்ணுவீங்களா?"

"இன்னும் மெதுவா எண்ணுவோம் அத்தை. வேகமா எண்ணுன சித்தப்பாவுக்கு மூணு விரல் இல்ல."

மாமியார் அதை விட்டுவிட்டு வேறு எதற்கோ திட்டினாள்.

மருமகள் சொன்னது உண்மைதான். குவாரியில் திரியைப் பற்றவைத்துவிட்டு மறைவுக்கு நடக்க வேண்டும். ஓடக் கூடாது, ஓடினால் விழுவான். நடக்கிறவனுக்காக மறைவில் இருக்கிறவர்கள் குரல் கொடுத்து எண்ணுவார்கள். "ஒரு கல்லு... ரெண்டு கல்லு... மூணு கல்லு..." ஒரு கல்லுக்கு ஒரு நொடி. கூடினாலும் குறைந்தாலும் ஆள் பொட்டலமாக வீட்டுக்கு வருவான். ஏழு வயதிலிருந்து அப்பாவுக்காக அவள்தான் எண்ணினாள். அவள் அப்பாவுக்குப் பத்து விரலும் இருந்தன. அந்தத் தொழிலில் அது பெரிய படிப்புப் படித்ததற்குச் சமம்.

மாமியார் அவளுக்கு நிதானம் என்று பெயர் வைத்தாள். "நிதானம், தண்ணி கொண்டா. இன்னைக்குக் கேட்டாத்தான் நாளைக்கு வரும்" என்பாள். மகன், அதாவது வேன் ஓட்டுகிறவன், இந்த மாதிரி நேரங்களில் வேனுக்கு அடியில் போய்ப் படுத்து எதையாவது முடுக்குவான். எட்டு மாதத்தில் அந்த வேனில் முடுக்காத திருகாணியே கிடையாது.

முப்பது என்கிற எண் அந்த வீட்டுக்குள் வந்தது வானிலை ஆபீஸ்காரர் மூலமாக. களத்தின் ஓரத்தில் மழை அளக்கும் குழாய் ஒன்றை நட வந்தவர், கம்பி வரிசைகளைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார்.

"இந்தக் கம்பிக்கு நடுவுலயா நாள் பூரா வேலை பாக்குறீங்க? இடி மின்னல் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"மழை விழுந்தா எடுத்துட்டுப் போவோம்."

"மழைக்கு முன்னாடியே விழுமே அம்மா! மேகம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும், இங்க வெயில் அடிக்கும், அங்கிருந்து எட்டிப் பிடிச்சு இங்க இறங்கும். மின்னல் தெரிஞ்சதும் எண்ண ஆரம்பிங்க. முப்பது எண்ணுறதுக்குள்ள இடி கேட்டா, போட்டது போட்டபடி வீட்டுக்குள்ள போயிடணும். இல்லேன்னா அந்த வேனுக்குள்ள போயி கண்ணாடியை ஏத்திக்கணும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. மரத்தடி கூடாது, அந்தத் தகரப் பந்தல் கூடாது."

"முப்பது. அவ்வளவுதானே?"

"வாட்ச்சைப் பாத்து எண்ணணும்."

"வாட்ச் எதுக்கு? எனக்கு எண்ணத் தெரியாதா?"

அவர் போய்விட்டார். மீட்டரம்மா அந்த விதியை மிகவும் ஒழுக்கமாகக் கடைப்பிடித்தாள். மின்னினால் எண்ணினாள். ஐம்பது வந்தது, அறுபது வந்தது; ஒரு தரம் நூற்று நாற்பதுவரை போய் இடிக்காகச் சலித்துக்கொண்டாள். முப்பதுக்குள் ஒரு இடிகூட விழவில்லை. வானம் அவளுக்குப் பயந்துவிட்டது என்றே தெருவில் முடிவானது. ஒருநாள் அவள் ஐம்பத்திரண்டு எண்ணிய மின்னலுக்கு அடுத்ததில், களத்துக்குப் பின்னால் மரத்தடியில் ஒதுங்கியிருந்த ஆட்டுக்காரரின் ஏழு ஆடுகள் ஒன்றாகச் செத்துப்போயின. அவரிடம் துக்கம் கேட்கப் போனவள், "ஆட்டுக்கு எண்ணத் தெரியாது. அதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படி இருக்கையில்தான் சிவப்பு லாட் வந்தது. அறுநூற்று நாற்பது சிட்டம், ஒரே சிவப்பு. மறுநாள் காலை நெசவு மில்லுக்கு லாரி ஏற வேண்டும். சிவப்பு ஒரு பிடிவாதக்கார நிறம். இரண்டு வெயில் முழுசாகப் பார்க்காமல் நனைந்தால் திட்டுத் திட்டாக அழும். முதல் வெயில் முடிந்து, இரண்டாவது வெயில் மதியம் தாண்டியிருந்தது.

அன்றைய புழுக்கத்தைப் பற்றிச் சொன்னால் பொய் என்பீர்கள். காலையில் காக்கை ஒன்று களத்தின் மேலே பறந்துபோனது. அதன் நிழல் கீழே ஒட்டிக்கொண்டு வர மறுத்ததால் காக்கை திரும்பி வந்து காத்திருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

வேன் நிழலில் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, அவித்த முட்டை, நறுக்கிய வெங்காயம்.

மகன்தான் முதலில் பார்த்தான். "அம்மா, அங்க பாரு. மேக்கால காலிஃப்ளவர் மாதிரி ஒண்ணு பொங்கிட்டு வருது."

"காலிஃப்ளவர்னா பறிச்சிட்டு வா, பொரிச்சுத் தர்றேன். முட்டையைத் தின்னு."

மருமகள் கையிலிருந்த சோற்றை வாயில் போடாமல் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொங்குனது நின்னுடுச்சுங்க. மேல தட்டையா விரியுது. கொல்லன் பட்டறையில இரும்பு வச்சு அடிப்பாங்களே, அந்தக் கல்லு மாதிரி."

"ஒருத்தனுக்குக் காய்கறிக் கடை தெரியுது, ஒருத்திக்குக் கொல்லன் பட்டறை தெரியுது. களத்துல அறுநூத்தி நாப்பது சிட்டம் கிடக்கே, அது தெரியலையா ரெண்டு பேருக்கும்? எந்திரிங்க, காஞ்சதை உருவ ஆரம்பிப்போம்."

"அத்தை, மேல தட்டையாச்சுன்னா உள்ள எல்லாம் கூடிடுச்சுன்னு அர்த்தமாம். அந்த ஆபீஸ்காரர் இவங்ககிட்ட சொல்லியிருக்காரு."

"அவரு மழை அளக்க வந்த ஆளு. அவரு குழாயில இதுவரைக்கும் மழை விழுந்து நான் பாக்கல, ஓணான்தான் விழுந்துச்சு."

சாயக்காரர் தட்டைக் கழுவி வைத்தார். மீதி முட்டைகள் இருந்த அலுமினியத் தூக்கை மீட்டரம்மா எடுத்துக்கொண்டு போய் ஒன்பதாவது வரிசைத் தூணில் மாட்டினாள். வேலை நடக்கும் இடத்தில் சாப்பாடு இருந்தால் வேலை ஓடும் என்பது அவள் கொள்கை.

உருவ ஆரம்பித்தார்கள். மாமியார் கம்பியிலிருந்து எடுத்து எண்ணிக் கொண்டுவந்து மொத்தத்தைச் சொல்வாள். சாயக்காரரும் மகனும் அவள் எண்ணிக் கொடுத்ததைச் சுமப்பார்கள். மருமகள் வேனுக்குள் நின்று வாங்கி அடுக்குவாள். அடுக்கும்போது தன் பாட்டுக்கு அவளும் எண்ணிக்கொள்வாள். பழக்கம்.

இருநூற்றைத் தாண்டியபோது முதல் மின்னல் தெரிந்தது. களத்தில் நல்ல வெயில். மீட்டரம்மா கையை நிறுத்தாமல் மின்னலை எண்ணினாள். சத்தம் வந்தது.

"எழுபத்தொண்ணு!" என்றாள் சந்தோஷமாக. "எங்கயோ யாருக்கோ பெய்யுது."

வேனுக்குள்ளிருந்து, "இருபது அத்தை" என்று கேட்டது.

"எது இருபது?"

"மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல. இருபது கல்லு. மூணு கல்லுக்கு ஒரு கிலோமீட்டர்னா ஏழு கிலோமீட்டர்கூட இல்ல."

"உன் கல்லை உங்க அப்பா குவாரியிலேயே வச்சிட்டு வந்திருக்கலாம். ஏண்டா, உன் பொண்டாட்டிக்கு இருபதுக்கு மேல எண்ண வருமா, வராதா?"

மகன் வேனுக்கு அடியில் பார்த்தான். சாயக்காரரின் கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம் என்றால், அது நாலு வருஷத்துக்கு முன் தொட்டியில் விழுந்து எழுந்தது. ஓடும், ஆனால் கண்ணாடிக்குள் நீலம்தான் தெரியும். மகனின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. வேனில் இருந்த கடிகாரத்துக்கு நிமிஷம் தெரியும், நொடி தெரியாது. ஆகவே அந்தக் களத்தில் இரண்டு பெண்களின் வாயைத் தவிர வேறு கடிகாரம் இல்லை. அவற்றில் ஒன்று முப்பது வருஷம் பழையது, மற்றொன்று எட்டு மாதம்.

பழைய கடிகாரத்தின்படி வேலை தொடர்ந்தது. மீட்டரம்மா இன்னும் இரண்டு மூன்று நடை வந்தாள். கடைசியாக வந்து தோள்களை இறக்கி, "நானூத்திப் பன்னண்டு" என்று அறிவித்துவிட்டு, கழுத்தில் ஒரு சிவப்பு ஜோடி தொங்க, ஒன்பதாவது வரிசைக்குத் திரும்பினாள்.

அப்போதுதான் காற்று மாறியது. அதுவரை செத்துக் கிடந்த காற்று, யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் ஒரே வீச்சாகக் குளிர்ந்து அடித்தது. ஈர மண் வாசனை வந்தது. களத்தில் மழை இல்லை. வெயில்கூட முழுசாகப் போகவில்லை. இரண்டாவது மின்னல்.

"நாப்பத்திரண்டு!" என்றது ஒன்பதாவது வரிசை.

மருமகள் கையிலிருந்த சிட்டத்தைக் கீழே வைத்தாள். "பன்னண்டு" என்றாள். மாமியாரிடம் சொல்லவில்லை, புருஷனிடம் சொன்னாள். "என்னங்க, மாமாவை இங்க வரச் சொல்லுங்க. ஓடாதீங்க. நடந்து போய்க் கூட்டிட்டு வாங்க."

அவள் குரலில் என்னவோ இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஒருமுறை பெண்ணைப் பார்க்கும் ஆசையில் குவாரிக்குப் போனவன் அவன். அந்தக் குரலில் அவள் எண்ணுவதையும், எண்ணி முடித்ததும் ஒரு மலை இரண்டாகப் பிளப்பதையும் பார்த்திருக்கிறான். எதிர்த்துப் பேசாமல் போனான்.

சாயக்காரர் களத்து ஓரத்து மரத்தடியில் அடுத்த சுமைக்காக நின்றிருந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாதுடா. ரப்பர் செருப்பு போட்டிருக்கேன்."

"அப்பா, அது அவ்வளவு தூரம் வானத்துல இருந்து காத்தைக் கிழிச்சிட்டு வருது. உன் செருப்பு ஒரு விரக்கடை. அதைப் பாத்துப் பயந்து திரும்பிப் போயிடுமா?"

சாயக்காரர் குனிந்து செருப்பைப் பார்த்தார். குதிகாலில் ஓட்டை வேறு இருந்தது. வந்துவிட்டார்.

மீட்டரம்மா வரவில்லை. மகன் போய்க் கத்தினான். "அம்மா, போதும், வா!"

"முப்பதுக்கு மேலடா! இன்னும் இருநூத்திச் சொச்சம் கிடக்கு!"

"உன் முப்பது தப்பும்மா!"

அந்த வார்த்தையைக் கேட்டபின் அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. உருவுகிற வேகம் இரண்டு மடங்கானது. அவன் வேனுக்குத் திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "தூக்கிட்டு வந்துடவாப்பா?"

"நான் கல்யாணம் ஆன புதுசுல முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்" என்றார் சாயக்காரர். "முதுகு இன்னும் வலிக்குது." ஆனால் அவரும் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

மருமகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த சிட்டங்களின் பிசிறு, ஒவ்வொரு இழையாக, பூனை வால்போல் சிலிர்த்து நின்றது. காற்று நின்றுபோயிருந்தது. அவள் கையிலிருந்த பூனைமுடியும் எழுந்து நின்றது. ஒன்பதாவது வரிசை வேனிலிருந்து நூற்றைம்பது தப்படி. போய்க் கெஞ்சி, சண்டை போட்டு, ஒரு வேலையை முடிக்காமல் அந்த அம்மாளை நகர்த்த முடியும் என்று அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை. இடிக்கு அவள் அசையமாட்டாள். எதற்கு அசைவாள் என்று மருமகள் யோசித்தாள். வழக்கமாக யோசிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே யோசித்தாள்.

பிறகு வேன் கதவருகே நின்று குவாரிக் குரலில் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகிற லாரி நின்று, யார் கூப்பிட்டது என்று கேட்கும்.

"அத்தை! வேன்ல நானூத்திப் பத்துதான் இருக்கு!"

மீட்டரம்மாவின் கை கம்பியில் நின்றது.

"என்னது?"

"நானூத்திப் பன்னண்டுன்னு சொன்னீங்க! நான் எண்ணிட்டேன்! ரெண்டு குறையுது!"

முப்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை. கையிலிருந்ததை அப்படியே விட்டாள். முதல் நாலு தப்படி நடை; அதற்கப்புறம் ஓட்டம். இடிக்கு நகராத கால்கள் இதற்கு ஓடின. தலைமயிர் நாலாபக்கமும் எழுந்து நிற்க அவள் வந்ததைப் பார்த்த சாயக்காரர், அது கோபத்தால் என்று நினைத்துக்கொண்டு, தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் மூலையில் ஒண்டினார்.

"யாருடி சொன்னது குறையுதுன்னு? நகரு! நான் எண்ணிக் காட்டுறேன்! பதினேழு எண்ண ஒரு பகல் ஆகுது, இவ என் கணக்குல கை வைக்கிறா!"

அவள் ஏறியதும் மகன் கதவை இழுத்துச் சாத்தினான். மருமகள் கண்ணாடிகளை ஏற்றினாள். "எல்லாரும் தகரத்துல கை படாம உட்காருங்க" என்றாள். மாமியாருக்கு அது காதில் விழவில்லை. எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒண்ணுரெண்டுமூணுநாலு என்று ஒரே சொல்லாக அது ஓடியது. இருநூற்றுப் பதினெட்டில் இருந்தபோது உலகம் வெள்ளையானது.

இந்த முறை மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் இடமே இல்லை. மீட்டரம்மாவுக்கே ஒன்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

பிறகு போய்ப் பார்த்தவர்கள் சொன்னது இது. ஒன்பதாவது வரிசைத் தூணின் தலை உருகி வளைந்திருந்தது. கம்பி அறுந்து தரையில் சுருண்டு கிடந்தது. அது கிடந்த வழியெல்லாம் மண் கறுத்திருந்தது. அலுமினியத் தூக்கில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. பச்சை முட்டைகள் அதற்குள் அவிந்துவிட்டன என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் அப்படிப்பட்ட கட்டுக்கதைகளுக்கு இடம் கொடுப்பதில்லை. முட்டைகள் முன்பே அவித்தவை. மீதி இருநூற்றுச் சொச்சம் சிட்டத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் ஓடித் தெருமுனைவரை போனது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் போலீசுக்குப் போன் செய்தார்கள். அந்தச் சிட்டங்களைச் சாயக்காரர் அடுத்த வாரம் மறுபடி முக்கிக் கரும்பழுப்பு ஆக்கினார். நெசவு மில்காரர் முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

அதெல்லாம் பிற்பாடு. வேன் கூரையில் மழை கொட்டியது. கண்ணாடி வழியே ஒன்பதாவது வரிசை இருந்த இடம் தெரிந்தது. மீட்டரம்மா அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிட்டங்களின் பக்கம் திரும்பி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

நானூற்றுப் பத்து.

அப்போதுதான் மகன் தன் அம்மாவின் கழுத்தைப் பார்த்தான். சிவப்பு ஜோடி மாலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தான். மனைவி அவன் தொடையில் கிள்ளினாள். வாயை மூடினான். சாயக்காரரும் பார்த்துவிட்டார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையை மிக அக்கறையாகக் கவனித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் ரகசியம் அது. அதை அவர் ஒரு நல்ல சாக்லேட்போல் வாயில் அடக்கிக்கொண்டார்.

"மழை விட்டதும் களத்துல தேடணும்" என்றாள் மீட்டரம்மா. "வர்ற வழியில விழுந்திருக்கும்."

"விட்டாலும் போகக் கூடாது அத்தை. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி."

"அரை மணியா? அதுக்குள்ள என்ன ஆகும்?"

"எங்க குவாரியிலயும் அதேதான். திரி வச்ச குழி வெடிக்காம இருந்தா அரை மணிக்கு யாரும் கிட்டப் போகக் கூடாது. திரி செத்துப்போச்சுன்னு நினைச்சிட்டுப் பாக்கப் போறவங்கதான் போவாங்க."

வேனின் கடிகாரத்தை எல்லோரும் பார்த்தார்கள். மீட்டரம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மறுபடி எண்ணினாள். நானூற்றுப் பத்து. மூன்றாவது தரம் எண்ணும்போது அவள் ஒவ்வொரு சிட்டத்தையும் தொட்டு, நிறுத்தி, பிறகே அடுத்ததைத் தொட்டாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், அந்த வாயில் முதன்முறையாக, கொஞ்சம் இடம் விழுந்தது. மழைச் சத்தத்திலும் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகக் கேட்டது.

"நானூத்திப் பத்து" என்றாள் கடைசியில். "ரெண்டு குறையுதுதான்." அந்தச் சொல்லை முழுங்க அவளுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. மருமகள் எடுத்துக் கொடுத்தாள். கேட்ட உடனேகூட இல்லை, கேட்பதற்கு முன்பே.

குடிக்கும்போது தண்ணீர் மோவாயில் வழிந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோனவளின் விரலில் நூல் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். புருஷனைப் பார்த்தாள், அவருக்கு மழை மேலும் சுவாரஸ்யமாகியிருந்தது. மருமகள் மட்டும் பார்வையைத் திருப்பவில்லை.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"கழுத்துல இருக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"எத்தனை குறையுதுன்னுதான் பேச்சு வந்துச்சு. எங்க இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே."

மீட்டரம்மா கண்ணாடிக்கு வெளியே, சுருண்டு கிடந்த கம்பியை இன்னொரு முறை பார்த்தாள். கழுத்திலிருந்து ஜோடியைக் கழற்றி அடுக்கின்மேல் வைத்தாள்.

"நானூத்திப் பன்னண்டு" என்றாள். "என் கணக்குல தப்பில்ல."

"உங்க கணக்கு தப்பே இல்ல அத்தை" என்றாள் மருமகள். அதுவும் உண்மைதான்.

மழை விட்டது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. கடிகாரத்தில் இருபத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தபோது, மகன் கதவின் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினான். எங்கோ கிழக்கே, களத்தைத் தாண்டிப் போய்விட்ட மேகத்திலிருந்து லேசாக ஓர் உறுமல் கேட்டது.

"கையை எடுடா" என்றாள் மீட்டரம்மா. மருமகளிடம் திரும்பினாள். "மறுபடி மொதல்ல இருந்தா?"

"மொதல்ல இருந்துதான் அத்தை."

மீட்டரம்மா காலை நீட்டி, நூல் அடுக்கில் சாய்ந்துகொண்டாள். அந்த நேரம் கிழக்கே ஒரு மின்னல் ஓடியது. பழக்கத்தில் அவள் வாய் திறந்தது. அவளே கையால் பொத்திக்கொண்டாள்.

"நீ எண்ணு" என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து.

"ஒரு கல்லு... ரெண்டு கல்லு... மூணு கல்லு..."

முப்பத்தாறு கல்லில் சத்தம் வந்தது. பதினொன்றிலேயே மீட்டரம்மாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. முகம் சிவப்பு லாட்டைவிடச் சிவந்துபோனது. ஆனாலும் முந்தவில்லை.